வடசென்னைத் தண்ணீரும் எஸ்பிரெஸோ மெஷினும்: முழுமையான வழிகாட்டி

எஸ்பிரெஸோ மெஷின் வாங்குகிறவர்கள் கிரைண்டருக்கு மாதக்கணக்கில் யோசிப்பார்கள், நல்ல கொட்டைக்கு ஏற்காடு, சிக்மகளூர் என்று விசாரிப்பார்கள். தண்ணீர் என்று வந்தால் மட்டும் "வீட்டில் ஆர்ஓ இருக்கு, டிடிஎஸ் ஐம்பதுதான்" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். வடசென்னையில் அது போதாது. டிடிஎஸ் பேனா, தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்றுதான் சொல்லும். என்ன கரைந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. நம் பக்கத்துத் தண்ணீரில் மெஷினைக் கெடுப்பவை இரண்டு: சுண்ணாம்பு ஒன்று, கடல் உப்பு இன்னொன்று. சுண்ணாம்பு அடைக்கும், உப்பு அரிக்கும். சுண்ணாம்பை மட்டும் எடுக்கும் ஃபில்டர் உப்பைத் தொடவே தொடாது. எந்த ஃபில்டர் என்று கடையில் போய்க் கேட்பதற்கு முன்னால், எது எவ்வளவு இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் சின்ன மெஷின் வைத்திருப்பவர், பெரம்பூர், கொளத்தூர், தண்டையார்பேட்டை பக்கம் சின்னதாகக் காபிக் கடை நடத்துபவர், இரண்டு பேருக்கும் இது பொருந்தும்.

படி 1: உங்கள் வீட்டுக்கு வருவது எந்தத் தண்ணீர்?

மெட்ரோ தண்ணீர் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறோம். புழல், சோழவரம், பூண்டி ஏரிகளில் இருந்து வருவது ஒன்று. பூண்டிக்கு ஆந்திராவின் கண்டலேறு அணையில் இருந்து கிருஷ்ணா தண்ணீரும் வந்து சேருகிறது. 2010-ல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளுக்கு 10 கோடி லிட்டர் தயாரிக்கும் அளவுக்குக் கட்டப்பட்டது. அது ஓடும் காலத்தில் வடசென்னைக் குழாய்களில் அந்தத் தண்ணீருக்கும் பங்கு உண்டு. ஏரித் தண்ணீரில் சுண்ணாம்பு கொஞ்சம் இருக்கும். கடல்நீரை ஆர்ஓ செய்தால் சுண்ணாம்பு அனேகமாகப் போய்விடும். மிஞ்சுவதில் பெரும்பகுதி சோடியம் குளோரைடு, அதாவது சாப்பாட்டு உப்புதான். குழாய்க்கு விடுவதற்கு முன் அதில் சுண்ணாம்புச் சத்தைத் திரும்பச் சேர்ப்பார்கள். ஆனாலும் அதன் குணம் ஏரித் தண்ணீரின் குணம் ஆகாது. இரண்டு குழாயில் ஒரே டிடிஎஸ் காட்டினாலும் ஒன்று மெஷினுக்கு ஆகும், இன்னொன்று ஆகாமல் போகலாம்.

போர் தண்ணீர் தனிக் கதை. மீஞ்சூர் வட்டாரத்தில் ஊருக்கும் தொழிற்சாலைகளுக்குமாக வருடக்கணக்கில் நிலத்தடி நீரை இறைத்ததில் கடல்நீர் உள்ளே புகுந்தது. கடலோரமாக எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு என்று வரும்போது நாக்கே சொல்லிவிடும். உள்ளே தள்ளி மாதவரம், கொளத்தூர் பக்கம் உப்பு குறைவாக இருக்கலாம், ஆனால் வாளியில் வெள்ளை வெள்ளையாகப் படியும். தெருவுக்குத் தெரு மாறும் விஷயம் இது. பக்கத்து வீட்டு அளவை நம்பாதீர்கள்.

லாரித் தண்ணீர் இன்றைக்கு ஒரு இடத்தில் நிரப்பியது, நாளைக்கு வேறு இடத்தில் நிரப்பியது. மெஷினுக்கு அதை நேரடியாக எடுக்கவே வேண்டாம். கேன் தண்ணீர் பெரும்பாலும் ஆர்ஓ செய்த போர் தண்ணீர்தான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அப்புறம் ஒன்று: வீட்டில் புதிதாக சிமென்ட் சம்ப் கட்டியிருந்தால் கொஞ்ச காலத்துக்கு அது தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும். ஆகவே சோதனைக்குத் தெருக் குழாயில் பிடிக்காமல், மெஷினுக்கு எங்கே பிடிப்பீர்களோ அதே குழாயில் பிடியுங்கள்.

படி 2: மெஷினுக்குள் என்ன நடக்கிறது

சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும், சுண்ணாம்பு நேர்மாறு. தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருப்பது, சூடு ஏற ஏற கரியமில வாயுவை விட்டுவிட்டுக் கால்சியம் கார்பனேட்டாகப் படியும். காபி இறங்கும் தண்ணீர் 93 டிகிரி போலத்தான். பாலைச் சூடாக்க நீராவி தரும் பாய்லர் 120 டிகிரியைத் தாண்டும். ஆகவே முதலில் அடி வாங்குவது நீராவி பக்கம். சுண்ணாம்பு பிடித்த மெஷினைத் திறந்தால் ஹீட்டர் கம்பியின் மேல் முட்டை ஓடு மாதிரி ஒரு தோல் ஏறியிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் தட்டினால் செதில் செதிலாக உதிரும். அந்தச் செதிலில் ஒன்று ஜிக்ளரில், அதாவது தண்ணீரை அளவாக விடும் சின்ன ஓட்டையில், போய் உட்கார்ந்தால் போதும். பல மெஷின்களில் அந்த ஓட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பம்ப் ஓடும், காபி சொட்டு சொட்டாக வரும்.

இது கண்ணுக்குத் தெரிகிற சேதம். சுண்ணாம்பை ஆசிட் போட்டுக் கரைத்தும் விடலாம். கடல் உப்பில் இருக்கும் குளோரைடு செய்வது அப்படி இல்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய காப்புப் படலம் இருக்கிறது. அதைக் குளோரைடு ஒரு புள்ளியில் உடைத்து, அந்தப் புள்ளியிலேயே ஆழமாகத் தோண்டிக்கொண்டு போகும். வெல்டு ஓரம், வாஷருக்கு அடியில் இருக்கும் இடுக்கு, இவைதான் அதற்குப் பிடித்த இடங்கள். செம்பு, பித்தளைப் பாகங்களில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். நகத்தால் சுரண்டினால் அடியில் குண்டூசி நுழைகிற குழி. அந்த பாய்லருக்கு வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

நீராவி பாய்லரில் நிலைமை இன்னும் மோசமாவதற்குக் காரணம் உண்டு. நீராவியாக வெளியே போவது வெறும் தண்ணீர். கரைந்திருந்ததெல்லாம் உள்ளேயே தங்கிவிடும். ஒரு கப் பாலைச் சூடாக்க ஏறக்குறைய 15 மில்லி தண்ணீர் ஆவியாகிறது என்று வையுங்கள். ஒன்றரை லிட்டர் பாய்லரில் 300 கப் பால் அடித்தால் நாலரை லிட்டர் ஆவியாகிப் போயிருக்கும். உள்ளே வந்த தண்ணீரில் குளோரைடு 30 பிபிஎம் (லிட்டருக்கு 30 மில்லிகிராம்) என்றால், இப்போது பாய்லருக்குள் 120. ஒரு சின்னக் கடைக்கு 300 கப் பெரிய கணக்கா என்ன?

ரொம்பச் சுத்தமான தண்ணீரும் ஆகாது. பல மெஷின்களில் பாய்லரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை ஒரு உலோகக் குச்சி, தண்ணீரின் மின்கடத்தலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. காய்ச்சி வடித்த நீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. குச்சிக்குத் தண்ணீர் இருப்பதே தெரியாமல் மெஷின் நிரப்பிக்கொண்டே போகும். காரத்தன்மை இல்லாத தண்ணீர் செம்பையும் பித்தளையையும் மெல்ல அரிக்கும். ஆர்ஓ தண்ணீரை அப்படியே ஊற்றுவது பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

படி 3: அளந்து பாருங்கள்

டிடிஎஸ் பேனா ஒன்று, ஜிஹெச்-கேஹெச் சொட்டு மருந்து ஒன்று. இவ்வளவு போதும். இரண்டாவதற்கு அலைய வேண்டாம். வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன கொளத்தூர் நம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே மீன் தொட்டிச் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். ஜிஹெச் என்பது கடினத்தன்மை, கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்தது. கேஹெச் என்பது காரத்தன்மை, அதாவது பைகார்பனேட். குழாயில் 5 மில்லி தண்ணீர் எடுத்து, சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, நிறம் மாறும்வரை எண்ணுங்கள். ஒரு சொட்டு ஒரு டிகிரி, அது ஏறக்குறைய 18 பிபிஎம். நமக்கு வேண்டிய அளவுகள் சின்னவை என்பதால் 10 மில்லி எடுத்துக்கொண்டால் ஒரு சொட்டு 9 பிபிஎம் ஆகும்; கணக்கு இன்னும் நெருக்கமாகக் கிடைக்கும். டப்பாவில் எத்தனை மில்லிக்கு என்று போட்டிருக்கிறதோ, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளோரைடுக்குத் தனி சோதனைப் பட்டை உண்டு. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தால் சரியான எண் கிடைக்கும், கடை வைத்திருப்பவர்கள் ஒருமுறையாவது கொடுத்துவிடுவது நல்லது. அதுவரைக்கும் ஒரு தோராயக் கணக்கு சொல்கிறேன். பேனா காட்டும் எண்ணில் இருந்து கேஹெச்-ஐக் கழியுங்கள், இரண்டும் பிபிஎம்-ல். மிச்சம் வருவது பெரும்பாலும் குளோரைடும் சல்ஃபேட்டும். நம் கடலோரத் தண்ணீரில் அந்த மிச்சத்தில் பாதியைக் குளோரைடு என்று வைத்துக்கொள்ளலாம். போர் தண்ணீரில் பேனா 600, கேஹெச் 200 என்றால் மிச்சம் 400. குளோரைடு 200 போல இருக்கும். மெட்ரோ தண்ணீரில் பேனா 140, கேஹெச் 90 என்றால் மிச்சம் 50, குளோரைடு 25 போல. முதல் தண்ணீரை மெஷின் பக்கமே கொண்டுவரக் கூடாது. இரண்டாவது கிட்டத்தட்ட அப்படியே ஆகும்.

படி 4: எவ்வளவு இருக்கலாம்

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐஎஸ் 10500, குளோரைடு 250 பிபிஎம் வரை, கடினத்தன்மை 200 வரை ஏற்றுக்கொள்கிறது. வேறு வழி இல்லாத இடத்தில் குளோரைடு 1000 வரைக்கும் விடுகிறது. அது மனிதர் குடிப்பதற்கான கணக்கு. குடிக்க நல்ல தண்ணீர் என்பதால் பாய்லருக்கும் நல்லது என்று ஆகிவிடாது.

மெஷினுக்கு நான் வைத்துக்கொள்ளும் எல்லை: கடினத்தன்மை 30 முதல் 80, காரத்தன்மை 40 முதல் 70, குளோரைடு 30-க்குள், குளோரின் சுத்தமாகக் கூடாது, பிஹெச் ஏழை ஒட்டி. குளோரைடு 50-ஐத் தாண்டினால் எந்தச் சமாதானமும் வேண்டாம், தண்ணீரை மாற்றுங்கள். பால் காபி நிறையப் போகும் கடை என்றால் கடினத்தன்மையைக் கீழ்ப் பக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பாய்லருக்குள் எல்லாம் செறிந்துகொண்டே போகும் என்பதை மேலே பார்த்தோம்.

குளோரினும் குளோரைடும் பெயரில் ஒட்டி இருப்பதால் கடைக்காரர்களே குழப்பிவிடுகிறார்கள். குளோரின் என்பது கிருமி நீக்க மெட்ரோ தண்ணீரில் போடுவது. கார்பன் ஃபில்டரில் போய்விடும். குளோரைடு என்பது கரைந்த உப்பு. கார்பனுக்கு அது கட்டுப்படாது. "எங்க கார்பன் குளோரைடையும் எடுத்துடும் சார்" என்று யாராவது சொன்னால் வேறு கடைக்குப் போய்விடுங்கள்.

படி 5: உங்கள் தண்ணீருக்கு எது மருந்து

உங்கள் அளவைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

குளோரைடு 30-க்குள், கடினத்தன்மையும் எல்லைக்குள். அதிர்ஷ்டம். ஒரு வண்டல் ஃபில்டர், அடுத்து ஒரு கார்பன் பிளாக். முடிந்தது.

குளோரைடு 30-க்குள், ஆனால் கடினத்தன்மையும் காரத்தன்மையும் அதிகம். இதற்குக் காபி மெஷினுக்கென்றே செய்த காட்ரிட்ஜ்கள் சரியாக வரும். பிரிட்டா, பிடபிள்யூடி போன்றவற்றின் காட்ரிட்ஜ்கள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜனை விடும் வகை. கடினத்தன்மையும் காரத்தன்மையும் சேர்ந்து குறையும். ஃபில்டரின் தலைப்பகுதியில் இருக்கும் பைபாஸ் அளவை (சுத்திகரிக்காமல் கலந்து வரும் தண்ணீரின் பங்கு) உங்கள் கேஹெச்-க்குத் தக்கபடி வையுங்கள், ஃபிட் பண்ண வருபவர் கையில் மட்டும் விட வேண்டாம். பாத்ரூம் குழாய்க்கு மாட்டும் உப்பு சாஃப்ட்னர் வேறு வகை. அது கால்சியத்துக்குப் பதில் சோடியத்தைக் கொடுக்கும். சுண்ணாம்பு நிற்கும், காரத்தன்மை இம்மிகூடக் குறையாது.

குளோரைடு அதிகம். இங்கே சாஃப்ட்னரும் உதவாது, மேலே சொன்ன காட்ரிட்ஜும் உதவாது. ஆர்ஓ ஒன்றுதான் வழி. வடசென்னையில் பாதிப் பேருக்கு மேல் இந்த வரிசையில்தான் வருவார்கள் என்பது என் எண்ணம்.

ஆர்ஓ வைத்த பிறகும் வேலை முடியவில்லை. ஆர்ஓ-வுக்குள் உப்பைப் பிரிக்கும் சவ்வான மெம்பிரேன் நல்ல நிலையில் இருந்தால் கரைந்ததில் 90 முதல் 95 சதவீதம் வரை எடுக்கும். 1500 டிடிஎஸ் போர் தண்ணீரில் 90 சதவீதம் எடுத்தாலும் 150 மிஞ்சும், மிஞ்சியது பெரும்பாலும் உப்பே. பேனாவில் 150 என்று பார்த்ததும் "காபித் தண்ணீருக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு இதுதானே" என்று சந்தோஷப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கேஹெச் சொட்டு விட்டுப் பாருங்கள், ஒரே சொட்டில் நிறம் மாறும். அது உப்புக் கரைசல். அந்த இடத்தில் மெட்ரோ தண்ணீரை ஆர்ஓ-வுக்குக் கொடுப்பதுதான் சரி. அதுவும் இல்லை என்றால் ஆர்ஓ தண்ணீரையே இன்னொரு மெம்பிரேனில் விட வேண்டும்.

வீட்டு ஆர்ஓ-க்களில் டிடிஎஸ் கண்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலந்து விடுவதுதான் அதன் வேலை. புழல் தண்ணீர் உள்ளே போனால் பரவாயில்லை. உப்புப் போர் தண்ணீர் போகும் வீட்டில் அதைத் திறப்பது, எடுத்த உப்பைத் திரும்பப் போடுவதற்குச் சமம். முழுக்க மூடிவிடுங்கள். சத்தை நாமே அளந்து போடலாம்.

படி 6: கேன் தண்ணீரிலோ ஆர்ஓ தண்ணீரிலோ கலந்து தயாரிப்பது

முதலில் அடிப்படைத் தண்ணீர் பேனாவில் 30-க்குக் கீழே இருக்க வேண்டும். கேனுக்குக் கேன் மாறும், ஆகவே மூடியைத் திறந்ததும் ஒருமுறை பேனாவை விட்டுப் பாருங்கள். 80, 100 என்று காட்டும் கேனைக் குடிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

எளிய வழி: 20 லிட்டர் கேனுக்கு 2 கிராம் பொட்டாசியம் பைகார்பனேட். உணவுத் தரத்தில் வாங்குங்கள். லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஆகிறது, காரத்தன்மை 50 பிபிஎம் கிடைக்கும். கடினத்தன்மை மேலே சொன்ன 30-க்குக் கீழே இருந்தாலும் மெஷினுக்குக் கெடுதல் இல்லை; இதில் கால்சியமே இல்லாததால் சுண்ணாம்பு படியவே படியாது. குச்சி தண்ணீரைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு மின்சாரமும் கடத்தும். சரியாகக் கலந்திருந்தால் பேனா, கேனில் முதலில் இருந்த அளவுக்கு மேல் 55, 60 கூடுதலாகக் காட்டும். பொட்டாசியம் கிடைக்கவில்லை என்றால் வீட்டில் இருக்கும் ஆப்ப சோடா 1.7 கிராம். பேக்கிங் பவுடர் வேறு, அதைப் போட்டுவிடாதீர்கள்.

சுவைக்குக் கொஞ்சம் மெக்னீசியமும் வேண்டும் என்றால் அதே கேனில் எப்சம் உப்பு 1.5 கிராம் சேர்க்கலாம். கடினத்தன்மை 30 பிபிஎம் வரும். பேதி உப்பு என்று மருந்துக் கடையில் கேட்பதும் இதுதான். இந்த அளவில் வயிற்றை ஒன்றும் செய்யாது.

ஒன்றரை, இரண்டு கிராமை நிறுக்கச் சமையல் தராசு ஆகாது. நகைக்கடைத் தராசு மாதிரி 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். இல்லாவிட்டால் 10 கிராம் பொட்டாசியம் பைகார்பனேட்டை ஒரு லிட்டர் சுத்தத் தண்ணீரில் கரைத்துப் பாட்டிலில் வைத்துக்கொண்டு, லிட்டருக்கு 10 மில்லி, கேனுக்கு 200 மில்லி என்று ஊற்றுங்கள். பாட்டில் மேல் என்ன, எவ்வளவு, எந்தத் தேதி என்று எழுதி ஒட்டுங்கள். எப்சம் கரைசலைத் தனிப் பாட்டிலில் வையுங்கள்.

கையால் இறக்கும் காபிக்கென்று சொல்லும் சில கலவைகளில் கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு வரும். கடையில் விற்கும் மினரல் டிராப்ஸ் பலவற்றிலும் அதே சங்கதிதான். மெஷினுக்கு அவை வேண்டாம். ஆர்ஓ-வில் மாட்டும் மினரல் காட்ரிட்ஜும் வாங்கிய புதிதில் நிறையக் கொடுத்து, நாளாக ஆகக் குறைத்துவிடும். மாட்டியிருந்தால் மாதம் ஒருமுறை கேஹெச் பாருங்கள்.

படி 7: குடித்துப் பார்ப்பது

காரத்தன்மை காபியின் புளிப்பை அடக்கும். கேஹெச் 100-ஐத் தாண்டினால் லேசாக வறுத்த அரபிகா சப்பென்று ஆகிவிடும்; 20-க்குக் கீழே போனால் புளிப்பு நாக்கைக் கிள்ளும். ரொபஸ்டா கலந்த கருவறுவலுக்கு 60, 70 நன்றாகவே இருக்கும். எஸ்பிரெஸோவில் தூளுக்குத் தண்ணீர் குறைவு என்பதால், ஃபில்டர் காபியில் தெரியும் அளவுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஆகவே மெஷினுக்கு எது நல்லதோ அதை முதலில் முடிவு செய்யுங்கள். சுவையை கேஹெச் 40-க்கும் 70-க்கும் நடுவிலேயே தேடலாம்.

படி 8: வைத்துக் காப்பது

நீராவி பாய்லரில் செறிந்ததை வெளியேற்றுவது, செலவே இல்லாமல் செய்யக்கூடிய பெரிய வேலை. சுடுதண்ணீர்க் குழாய் அந்த பாய்லரில் இருந்தே வருகிறது என்றால், தினமும் கடை மூடும் முன் அரை லிட்டர் திறந்துவிடுங்கள். புதுத் தண்ணீர் உள்ளே போகும். மாதம் ஒருமுறை அந்தச் சுடுதண்ணீரை ஆறவைத்து பேனாவில் பாருங்கள். உள்ளே ஊற்றும் தண்ணீரைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் இன்னும் அதிகமாகத் திறந்துவிட வேண்டும்.

கார்பனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஆர்ஓ-வுக்கு முன்னால் இருக்கும் கார்பன் செத்துவிட்டால் குளோரின் மெம்பிரேனையும் கெடுக்கும். ஆர்ஓ-வில் உள்ளே போகும் அளவு, வெளியே வரும் அளவு இரண்டையும் குறித்து வையுங்கள். எடுக்கும் சதவீதம் 85-க்குக் கீழே இறங்கினால் மெம்பிரேனை மாற்றும் நேரம். கழிவாகப் போகும் தண்ணீரைத் தரை துடைக்கப் பிடித்துக்கொள்ளலாம்.

சுண்ணாம்பு ஏற்கெனவே பிடித்திருந்தால், ஒற்றை பாய்லர் சின்ன மெஷினுக்கு எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) லிட்டருக்கு 20 கிராம் போதும். கையேட்டில் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துச் செய்து, நல்ல தண்ணீரால் பலமுறை அலசுங்கள். இரட்டை பாய்லர், கடை மெஷின்களில் இதை நீங்களாகச் செய்ய வேண்டாம். உதிரும் செதில் வால்வில் போய் அடைத்தால், கரைக்கப் போய்ப் பிரித்து மாட்டும் வேலையாகிவிடும்.

அளவுகளை வருடத்தில் இரண்டு முறையாவது புதிதாக எடுங்கள்: மே மாதத்தில் ஏரி வற்றி இருக்கும்போது ஒன்று, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒன்று. தெருவில் தண்ணீர் வரும் நேரமோ நிறமோ சுவையோ திடீரென்று மாறினால் அன்றைக்கே ஒருமுறை. கோடையில் குழாய் வராமல் லாரிக்குக் காத்திருக்கும் நாட்களுக்கென்று, கலந்த தண்ணீர் இரண்டு கேன் வெயில் படாத இடத்தில் மூடி வைத்திருங்கள். கலந்த தேதியை மூடியில் எழுதி, பழையதை முதலில் எடுங்கள். சம்ப்பில் லாரித் தண்ணீர் இறக்கிய பிறகு மெஷினுக்குப் போகும் வால்வை மூடிவிட்டு, சொட்டு மருந்தை எடுத்து அளந்து பார்த்த பிறகே திறங்கள்.